மடியில் கருவாடு

வாலே பேராண்டி. இப்படிப் பக்கத்துல வந்து உக்காரு. எட்டி உக்காந்தா எனக்குக் காது கேக்காது. கிட்ட உக்காந்தா மட்டும் ஒனக்குப் புத்தி வந்துரவா போவுதுன்னு கேக்காத, எனக்குக் காது கேட்டாப் போதும். இன்னும் நெருங்கு. ஆங், தோளோட தோள் இடிக்கட்டும். அந்த நாய எதுக்கு வெரட்டுத? அது பாட்டுக்கு நிக்கட்டும். சாயந்தரம் சந்தைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து எம் பொறத்தாலேயே சுத்துது. வயசான காலத்துல அதுக்காவது எம்மேல ஒரு பிரியம் இருக்கேன்னு நானும் விட்டுட்டேன்.

கையில என்னல பொட்டலம்? பொரிச்ச புரோட்டா நாலு, ஆம்லெட்டு ஒண்ணு, சால்னா, அத உள்ள எறக்கக் கருப்பா ஒரு பாட்டிலு. ஒளிக்காத, வை. மத்தியானம் சோத்துத் தட்ட வீசினவன் ராத்திரி பட்டினி கெடக்கணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. ஒங்கம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல கேட்டியா. செவுத்துல ரசம் வழிஞ்சிருந்தத நானே பாத்தேன். அப்படியே இந்தியா மேப்பு. கீழ தனியா ஒரு சொட்டு, இலங்கை. பள்ளிக்கூடத்துல நாப்பது மார்க்கத் தாண்டாத பய ஒரே வீச்சுல இம்புட்டுத் திருத்தமா வரைஞ்சிருக்கானேன்னு எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

கொற சொல்ல ஒன்னயக் கூப்பிடல. பாராட்டத்தான் கூப்பிட்டேன். இந்த ஒரு கபடி சீசன்ல மட்டும் மண்டையில மூணு வாட்டி வாங்கியிருக்க. சித்திரைக் கொடையில எதிராளி முட்டு ஒன் நெத்திப் பொட்டுல. வைகாசியில நம்ம பயலும் நீயும் செயின் போடப் போயி, ரெண்டு மண்டையும் விடலைத் தேங்கா மாதிரி மோதிச்சு. போன ஞாயித்துக்கெழமை டேஷ் வாங்கி மல்லாக்க விழுந்து பிடரி தரையில. எந்திரிச்சு என்ன செஞ்ச, ஞாபகம் இருக்கா? எதிரணிக் கோட்டுக்குள்ள போயி நின்னுக்கிட்டு, பாடி வந்த நம்ம பயலையே காலப் பிடிச்சுக் கவுத்துன. சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. மூஞ்சியில ஒரு சோடாவ ஒடச்சு ஊத்தி, பத்து நிமிசத்துல மறுபடி எறக்கி விட்டானுவ. நானும் விசிலடிச்சேன். பல்லு இல்லாம விசிலடிக்கது எம்புட்டுச் சிரமம்னு ஒனக்கெங்க தெரியப் போவுது.

“மயக்கம் போடலையே தாத்தா, அப்புறம் என்ன”ன்னு அன்னைக்குக் கேட்ட. மண்டை குலுங்கினவன்ல பத்துல ஒம்பது பேரு மயக்கம் போட மாட்டான். எந்திரிச்சு நிப்பான், பேசுவான், அடுத்த ரெய்டுக்குத் தொடையத் தட்டுவான். முப்பத்தெட்டு வருசம் கம்பவுண்டரா செவப்பு மிக்சரும் ரோஸ் மிக்சரும் கலக்கினவன் சொல்லுதேன். எது எந்த நோவுக்குன்னு சமயத்துல டாக்டருக்கே மறந்து போவும், ஆளு கண்ணு போற போக்கு எனக்கு மறக்காது. ஒங் கண்ணு அன்னைக்கு ஸ்கோர் போர்ட விட்டுட்டு ஐஸ் வண்டியப் பாத்துட்டு இருந்துச்சு.

உள்ள என்ன நடக்குன்னு கேளு. ஒன்னரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கொறவான சதை அது. ஒடம்பு எடையில நூத்துக்கு ரெண்டு பங்கு. ஆனா நீ திங்கதுல அஞ்சுல ஒரு பங்க அதுதான் திங்குது. மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை கணக்கா, எடத்த விட்டு அசையாம, வெஞ்சனம் கொறையாம. அடி விழுந்த ஒடனே நரம்பு செல்லுக்குள்ள இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளிய பாயுது, வெளிய இருக்க வேண்டிய கால்சியம் உள்ள பாயுது. வரப்பு ஒடஞ்ச வயக்காடுன்னு வச்சுக்க. தண்ணிய எறச்சு ஊத்த எல்லா மோட்டாரும் ஒரே நேரத்துல ஓடுது, கரண்ட கன்னாபின்னான்னு இழுக்குது. அந்தானைக்கு என்ன ஆகும்? வோல்டேஜ் எறங்கிரும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, எலிக்கே அஞ்சுல இருந்து பத்து நாள் கெடக்கும். லாஸ் ஏஞ்சல்ஸ்ல கீஸா, ஹோவ்டான்னு ரெண்டு பேரு இந்தக் கணக்க 2001ல கோர்வையா எழுதி வச்சிருக்காவ. லோ வோல்டேஜ்ல மறுபடி மோட்டாரப் போட்டா காயில் கருகும்னு நம்ம ஊர்ல பம்பு செட்டு வச்சிருக்கவன் எல்லாருக்கும் தெரியும். மண்டை வச்சிருக்கவனுக்குத்தான் தெரியல.

இதெல்லாம் ஒனக்கெப்படித் தெரியும்னு முழிக்காத. மூத்தவ மவ பெங்களூர்ல எலி வச்சுப் படிக்கா. ஞாயித்துக்கெழமை போன்ல “சாப்டியா தாத்தா”ன்னு கேப்பா. “சாப்டேன், ஒன் எலி சாப்டுச்சா”ன்னு நான் கேப்பேன். அதுல ஆரம்பிச்ச பேச்சு.

கனடாவுல கால்கரின்னு ஒரு ஊரு. அங்க எலிக்கும் ஒன்ன மாதிரியே சாப்பாடு போட்டுப் பாத்திருக்காவ. ஒரு கூட்டத்துக்குச் சாதாத் தீவனம். இன்னொரு கூட்டத்துக்குத் தாய் வயித்துல இருக்கும்போதே கொழுப்புத் தீவனம், ஒங்கம்மா ஒன்னச் சுமந்தப்ப ராத்திரி ராத்திரி புரோட்டா கேட்டாளே, அந்த மாதிரி. சிலதுக்கு முப்பதாம் நாள், அதாவது எலிக்கு மீச அரும்புத வயசுல, மண்டையில ஒரு லேசான தட்டு. சிலதுக்கு அறுபதாம் நாள், எளவட்டமான பொறவு, ஒரு தட்டு. சிலதுக்கு ரெண்டுந்தான். அதுக்குப் பொறவு பரீட்சை. ஒல்லியான கட்டையில நடக்கணும். கைப்பிடி இல்லாத ஒசர மேடையில நின்னு முழிக்கணும். தண்ணித் தொட்டியில மறைஞ்சிருக்க படிக்கட்ட ஞாபகம் வச்சு நீந்தணும். 2015ல ரிசல்ட்டு வந்துச்சு. அடிபட்ட எலிக்கு மார்க்கு கொறஞ்சுது, அது தெரிஞ்ச கததான். அடியே படாத எலிக்கும் கொழுப்புத் தீவனம் மார்க்கக் கொறச்சுது. கொழுப்பும் தின்னு ரெண்டு வாட்டி மண்டையிலயும் வாங்கினது இருக்கே, அதோட பாடு இன்னும் மோசம்.

அந்த எலி கபடி ஆடலலே. சேக்காளியோட புரோட்டாக் கடைக்கும் போவல. அதுக்கு வேற வழி இல்லாம கூண்டுக்குள்ள போட்டதத் தின்னுச்சு. நீ கூண்டுக்கு வெளிய இருக்க, காசு குடுத்து வாங்கித் திங்குத.

இதுக்கு முன்னாலயே 2003ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல பெர்னாண்டோ கோமஸ் பினியான்னு ஒருத்தர் கூட்டம் இதத் தொட்டிருக்காவ. கெட்டிக் கொழுப்பும் சீனியும் கொட்டின தீவனம் எலி மூளையில பி.டி.என்.எஃப்.னு ஒரு புரதத்தக் கொறைக்குது. நரம்புக்கு நரம்பு வேர் பிடிக்க அடியுரம் மாதிரி அது. மண்டையில அடிபட்டாலும் அது கொறையுது. ரெண்டும் சேந்தா? கடன்காரன் வீட்டுல களவும் போன கததான்.

ஒன் கோவத்துக்கு வருவோம். நெத்திக்குப் பின்னால இருக்கது மூளையோட மூக்கணாங்கயிறு. நாக்குல வந்தத நிறுத்தி வைக்கது, கை ஓங்குறதுக்கு முன்னால ஒரு நொடி யோசிக்க வைக்கது, நாலாவது புரோட்டாவ வேண்டாம்னு சொல்ல வைக்கது எல்லாம் அது. முன் மண்டையில பட்டாலும் பின் மண்டையில பட்டாலும் உள்ள இருக்கது முன்னயும் பின்னயும் போயி மோதும். கயிறு நைஞ்சு போன காள என்ன செய்யும்? முட்டும். ஒங்கப்பன முட்டுன, வாத்தியார முட்டுன, நேத்து பஸ் கண்டக்டர்கிட்ட அம்பது பைசாவுக்குச் சட்டையப் பிடிச்ச. அம்பது பைசாவக் கண்ணால பாத்து எத்தன வருசமாச்சுன்னு அந்த மனுசன் யோசிச்சிட்டே டிக்கெட்டக் கிழிச்சாராம். கயிறு நைஞ்ச தலை இனிப்பையும் எண்ணெயையும் தேடும், ஏன்னா வேண்டாம்னு சொல்ல அங்க ஆளில்ல. இனிப்பும் எண்ணெயும் ஏற ஏற கயிறு தேறாது. இந்தச் செக்க யாரு நிறுத்தணும்? நீயா? ஒன்னாலதான் முடியாதே, அதுதானே நோக்காடு. அதனாலதான் சோத்துத் தட்டு ஒங்கம்மா கையில இருக்கணும்னு சொல்லுதேன். ஆனா அந்தத் தட்டு இப்ப செவுத்துல இருக்கு.

என்ன மொணங்குத? “சாப்பாடு சப்புன்னு இருக்கு, அம்மாவுக்குச் சமைக்க மறந்து போச்சு”ன்னா? ரசத்துல ஒரு ருசியும் இல்ல, கொழம்பு வெந்நி மாதிரி இருக்குன்னா? எத்தன நாளா? போன வாரத்துல இருந்தா? சரி. புரோட்டா மட்டும் ருசிக்குதோ? உப்பும் உறைப்பும் தூக்கலா இருக்கதால கொஞ்சம் தெரியுதா. சரி, சரி.

சளி பிடிச்சிருக்கா? மூக்கு அடைச்சிருக்கா? காச்சல்? ஒண்ணுமில்ல.

இப்ப இந்தத் துண்ட அவுக்கேன், பாரு. இது என்ன? அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு. கூடவே ஒரு துண்டு சுறா. சந்தையில வாங்கி மடியில கட்டிக்கிட்டு அர மணி நேரமா ஒந் தோள இடிச்சிட்டு உக்காந்திருக்கேன். ரோட்டுல போனவ எல்லாம் முந்தானைய மூக்குல வச்சுக்கிட்டுப் போனா. டீக்கடைக்காரன் கண்ணாடி டம்ளர எட்டி நின்னு நீட்டினான். இந்த நாய் ரெண்டு தெரு தாண்டி வந்து எம்மேல பாசமா நிக்கி. நீ ஒருத்தன்தான் பன்னீர் தெளிச்ச கல்யாண வீட்டுல இருக்கது மாதிரி உக்காந்திருக்க.

ஒங்கம்மா சமையல் கெட்டுப் போவலலே. ஒம் மூக்கு போயிருச்சு.

பதறாத. சொல்லுதேன். மூக்கு உச்சியில சல்லடை மாதிரி ஓட்ட ஓட்டையா ஒரு எலும்பு இருக்கு. வாசனை நரம்பு, நூல் நூலா, அந்த ஓட்டை வழியா மூளைக்கு ஏறுது. பிடரியில பலமா விழுந்தா மூளை ஒரு குலுங்கு குலுங்கும். எலும்பு அசையாது. நடுவுல மாட்டின நூல் என்ன ஆகும்? நையும், சில சமயம் அறுந்தே போவும். நாக்குக்குத் தெரியது உப்பு, புளி, இனிப்பு, கசப்புன்னு நாலஞ்சு சங்கதிதான். மீதி ருசி எல்லாம் மூக்கு போடுத பிச்சை. பெருங்காயம், கொத்தமல்லி, தாளிச்ச கருவேப்பிலை, புழுங்கலரிசி வேகுத மணம்... ஒங்கம்மா கைப்பக்குவம்னு நாம சொல்லுதது அம்புட்டும் மூக்கு வழியாத்தான் உள்ள போவுது. அது அடைபட்டா மிஞ்சுதது உப்பு, சீனி, மொளகா, எண்ணெய். புரோட்டாக் கடையில அது நாலும் தாராளமா இருக்கு. அவன் ஒனக்குச் சமைக்கல, ஒன் நோவுக்குச் சமைக்கான்.

பாவம், ஒங்கம்மா அந்த ரசத்துல எட்டு சாமான் போட்டிருப்பா. ஒனக்கு வெந்நியும் புளியும் வந்து சேந்துச்சு. அவ சிக்கனம் பண்ணுதான்னு நெனச்சு நீ தட்ட வீச, புள்ளைக்குத் திமிரு ஏறிப்போச்சுன்னு நெனச்சு அவ அழ. ரெண்டு பேரு நெனப்பும் தப்பு.

நான் மட்டும் யோக்கியனா? சடுகுடுன்னு நாங்க ஆடின காலத்துல மேட்டு ஏது. இப்பவும் டிவியில புரோ கபடி ஆடுதவனுக்குத்தான் மேட்டு, ஒனக்குக் கட்டாந்தரைதான், அது வேற கத. ஒரு தைப் பொங்கல் ஆட்டத்துல காதோரமா வாங்கிட்டு வந்து, மூணு மாசம் வீட்டுல மனுசனா இல்ல. ஒங்க ஆச்சி மேல ஏழு வாட்டி தட்ட வீசியிருக்கேன். அவ ஒரு வார்த்த பேசல. ஏழாவது வாட்டிக்கு மறுநாள் எவர்சில்வர் தட்டெல்லாத்தையும் எடுத்துப் பரண்ல போட்டுட்டு எனக்குன்னு ஒரு அலுமினியத் தட்டு வாங்கிட்டு வந்துட்டா, “சத்தம் கொறச்சலா கேக்கும், அக்கம்பக்கத்துல தூங்கட்டும்”னு. இன்னும் வீட்டுல இருக்கு. சொட்டைய எண்ணிக்கலாம். அப்ப எவனும் எனக்கு இது மண்டை நோவுன்னு சொல்லல. அமெரிக்காவுல மார்ட்லண்டுன்னு ஒரு டாக்டர் 1928லயே குத்துச்சண்டைக்காரனுவளப் பாத்துக் குடிக்காமலே தள்ளாடுத நோவுன்னு எழுதி வச்சுட்டாரு. அது நம்ம ஊருக்கு வர பஸ்சு கெடைக்கல. ஊர்ல எனக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு வேப்பிலை அடிச்சானுவ, அதுவும் மண்டையிலதான்.

இப்ப நீ என்ன கேக்கப் போறன்னு தெரியும். “அப்ப என்னத்தத் தின்னாச் சரியாவும்?” இதத்தான் முப்பத்தெட்டு வருசமாக் கேட்டானுவ. மாத்திரைய வாங்கி மடியில வச்சுக்கிட்டு “பத்தியம் என்ன”ன்னு கேப்பானுவ. பத்தியத்தச் சொன்னா மாத்திரையே போதும்னு போயிருவானுவ.

மஞ்சளா? அதே லாஸ் ஏஞ்சல்ஸ் ஆளுவதான் 2006ல எலிக்கு மஞ்சள்ல இருக்க குர்குமின தீவனத்துல கலந்து குடுத்தாவ. கொழுப்புத் தீவனம் தின்னு மண்டையில அடிபட்ட எலிக்குக் கூட மறதி மட்டுப்பட்டுச்சு. நம்ம பயலுவளுக்கு இது போதுமே, “எங்க பாட்டன் அன்னைக்கே சொன்னான்”னு கெளம்பிருவானுவ. பாட்டன் கொழம்புல போட்டது ஒரு சிட்டிகை. எலி அத அடிபடுததுக்கு முன்னால இருந்தே வாரக் கணக்குல தின்னுச்சு. மனுசன் ஒடம்புல மஞ்சள் ஒட்டுததே அபூர்வம். மெளகோட பிப்பரின் சேந்தாத்தான் ரத்தத்துல ஏறுதுன்னு 1998ல பெங்களூர்ல பாத்திருக்காவ. மெளகும் மஞ்சளும் போட்ட ரசம் நல்லதுதான், குடி. ஆனா நெத்தி நெறைய மஞ்சளப் பூசிக்கிட்டு ரெய்டுக்குப் போனா, அம்மன் வந்துட்டாளோன்னு எதிராளி கும்பிட்டு நிப்பான் பாரு, அந்தப் பாதுகாப்புதான் கெடைக்கும்.

மீனு அப்படி இல்ல, அதுல கொஞ்சம் விசயம் இருக்கு. தூத்துக்குடியில இருந்து வண்டியில வருதே சாளை, ஏழ மீனுன்னு ஒங்கம்மா வாங்க வெக்கப்படுதாளே, அதுல இருக்கு டி.எச்.ஏ.ங்குத கொழுப்பு. மூளைச் சுவரு கட்டுததே அந்தக் கொழுப்ப வச்சுத்தான். அமெரிக்காவுல மண்டையும் மண்டையும் மோதி ஆடுத ஃபுட்பால் கல்லூரிப் பயலுவளுக்குச் சீசன் முழுக்க அதக் குடுத்துப் பாத்திருக்காவ. நரம்பு நைஞ்சா ரத்தத்துல ஒரு புரதம் ஏறும். மாத்திரை தின்னவனுக்கு அது அம்புட்டு ஏறல, 2016ல எழுதினாவ. அது ரத்தத்துல தெரிஞ்ச மாத்தம். பொண்டாட்டிகிட்ட நல்லாப் பேசினான்னு அர்த்தம் இல்ல. வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் சாளைய புளி ஊத்திக் கொழம்பு வை. எண்ணெயில முக்கிப் பொரிச்சா மறுபடி புரோட்டாக் கடைதான்.

கருப்பட்டி போட்டு காப்பி குடிச்சா ஆரோக்கியம்னு நீ தப்பிக்கப் பாக்காத. உடன்குடிக் கருப்பட்டியும் சீனிக்கு ஒண்ணுவிட்ட அண்ணந்தான். ருசியான அண்ணன், அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கும் கோவத்துக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்லுதவனுக்கு ஒரு ஜெயில் கத இருக்கு. இங்கிலாந்துல அய்ல்ஸ்பரின்னு ஒரு ஊரு. அங்க எளவட்டக் கைதிவ 231 பேரு. பாதிப் பேருக்கு வைட்டமின், தாதுச் சத்து, கொழுப்பமிலம் கலந்த மாத்திரை. பாதிப் பேருக்கு டம்மி. எது யாருக்குன்னு ரெண்டு பக்கமும் தெரியாது. பெர்னார்டு கெஷ்னு ஒருத்தர் 2002ல கணக்கப் போட்டா, நெச மாத்திரை தின்னவனுவ ஜெயிலுக்குள்ள பண்ணின சேட்டை டம்மிக்காரனுவள விட நூத்துக்கு இருவத்தாறு பங்கு கொறவு. அவனுவள்ல எவனுக்கு மண்டையில அடின்னு பாத்து எடுத்த கணக்கு இல்ல அது, அதையும் சொல்லிருதேன். டம்மி மாத்திரைய நானும் குடுத்திருக்கேன். சோடா உப்பு மாத்திரை. எங்க ஊர்ல அதுலயும் பாதிப் பேரு கொணமானான். அதனாலதான் இங்கிலாந்துக்காரன் கவனமா ரெண்டு பக்கமும் மறைச்சு வச்சுப் பாத்திருக்கான்.

இனி ஒங் கத. இந்தக் கருப்பு பாட்டிலத் தூக்கி அங்குட்டு வை. சீனியும் காபியில இருக்க சங்கதியும் ஒண்ணாச் சேந்தது. ராத்திரி குடிச்சா தூக்கம் போவும். தூக்கம் இல்லாம எந்த மண்டையும் தேறாது. நீ ராத்திரி ரெண்டு மணிக்கு மொபைல் வெளிச்சத்துல கெடக்கத ஒங்கம்மா பாத்திருக்கா. சாராயம் பீரு பக்கம் தலை வச்சே படுக்காத. நைஞ்ச கயித்துல நீயே கத்திய வைக்காத. பசி மந்தமா இருக்கா? நாலு வாட்டியாப் பிரிச்சுத் தின்னு. கஞ்சி, மோரு, முட்டை, பயறு. ருசி தெரியலன்னா வேற வழியில ஏமாத்து. மூக்கு போனாலும் மொளகாக் காரமும் புதினாக் குளுமையும் வேற நரம்புல ஏறும், அது ஒனக்கு இருக்கு. மொறுமொறுன்னு அப்பளம், புளிச்ச தயிரு, கடிச்சுக்க எலுமிச்சை ஊறுகா. ஒங்கம்மா மேல சந்தேகப்பட வேண்டியதில்ல.

மூக்குக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. ஜெர்மனியில டிரெஸ்டன்ல ஹம்மல்ங்கறவர் 2009ல ஆரம்பிச்சாரு. ரோசாப்பூ, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையிலயும் சாயந்தரமும் ஒவ்வொண்ணையும் மெதுவா மோந்து பாக்கணும், பன்னிரெண்டு வாரம். அறுந்த நூல் எல்லாம் தச்சிருச்சுன்னு யாரும் சொல்லல. ஆனா சில பேருக்கு மணம் திரும்பி வந்துருக்கு. நாலும் நம்ம வீட்டுல இருக்கதுதான், நீலகிரித் தைலம் ஆச்சி தலைமாட்டுல. பூவு மட்டும் யாருக்கோ குடுக்குததுக்கு நீ சட்டைப் பையில வச்சிட்டுப் போறியே, அதுல ஒண்ண மோந்து பாத்துட்டுக் குடு.

ஒண்ண மட்டும் வெளையாட்டுக்குச் சொல்லல. மூக்கு இல்லாத ஆளு வீட்டுல தனியா கேஸ் அடுப்பப் பத்த வைக்கக் கூடாது. சிலிண்டர் கசிஞ்சா அது நாறுததே ஆளுவளுக்குத் தெரியணும்னுதான். ஒனக்குத் தெரியாது. கெட்டுப்போன கொழம்பும் தெரியாது, ஒங்கம்மா மோந்து பாத்துத் தரட்டும். தலைவலி ஏறிக்கிட்டே போனா, வாந்தி மேல வாந்தி வந்தா, எழுப்பினா முழிக்காம மந்தமா இருந்தா, கண்ணு மணி ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு இருந்தா, வலிப்பு வந்தா, அந்தச் சமயம் கம்பவுண்டர் தாத்தாட்ட வராத, நேரா ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. அது இல்லாட்டியும் நாளைக்குக் காலையில ஒன்னக் கூட்டிட்டுப் போறேன். ஓ.பி. சீட்டு வாங்க எனக்கு நல்லா வரும். வரிசையில நின்னு, “வயசானவன் மயக்கமா வருது”ன்னு சொன்னா வழி விட்டுருவாவ.

ஞாயித்துக்கெழமை ஆட்டமா? அதானே, இன்னும் கேக்கலையேன்னு பாத்தேன். சாளைக் கொழம்பும் மெளகு ரசமும் குடிச்சுட்டு நாலாவது அடிக்குத் தயாராயிரலாம்னு கணக்குப் போடுதியோ? தின்ன சோறு மண்டைக்கு ஹெல்மெட் ஆகாது. மண்டை குலுங்கின அன்னைக்கும் மறுநாளும் சும்மா இருக்கணும், கட்டிலோட ஒட்டிக் கெடக்கவும் வேண்டாம். பொறவு மெதுவா நடக்கலாம். தலை கனக்கலன்னா மறுநாள் கொஞ்சம் வேகமா. அடுத்த நாள் ஓடலாம், அதுக்கும் அடுத்து ஆளுமேல படாம பயிற்சி. படிக்கொரு நாளாவது. எந்தப் படியில தலை சுத்துதோ அங்கேயே நின்னுட்டு மறுபடி. கடைசியில டாக்டர் சரின்னு சொன்னாத்தான் கோட்டுக்குள்ள கால். மூணாவது வாட்டி வாங்கினவனுக்கு அது இன்னும் இழுக்கும். நீ முதப் படியே ஏறல. திண்ணையில உக்காந்து கருவாட்ட மோந்து பாக்குத, அதுவும் தெரியல.

புரோட்டாவ ஏன் பாக்குத? நாய்க்கா? அதுக்குப் போடாதலே, பாவம், அது இதுவரைக்கும் எந்த எதிராளிக்கும் மண்டையக் குடுத்ததில்ல. இங்கன வை. நான் தின்னா ஒண்ணும் ஆகாது, எனக்கு எலிப் பரீட்சை எல்லாம் முடிஞ்சாச்சு.

ஒம் போன் அடிக்குது பாரு. கேப்டன்னு பேரு வருது. கொண்டா இங்க. அலோ, ஆமா, தாத்தாதான். ஞாயித்துக்கெழமையா? அவன் வர மாட்டான்ப்பா. எதுக்கா? இரு, கேட்டுச் சொல்லுதேன். ஏலே, செத்துப் போயிட்டான்னு சொல்லவா, லைப்ரரிக்குப் படிக்கப் போயிட்டான்னு சொல்லவா? ரெண்டாவதுன்னா நம்ப மாட்டான்.